பஸ்மினாவின் பென்ட்ரிக் கதவுகள்

பஸ்மினா தன் கணவனின் அக்கா சுபைறாவைப் பற்றிப் புறம் பேசிய பகலில், சாய்ந்தமருதில் அவளுடைய குசினிச் சுவரிலிருந்த பென்ட்ரி அலுமாரிக் கதவுகள் இறைச்சித் தண்ணீர் கசிந்தன. கதவுகள் புதியவை. கைபிடி இல்லாத வெள்ளைக் கதவுகள், முகம் பார்க்கக்கூடிய மினுக்கம். அவளுடைய உம்மா ஹாஜறா மகளுக்குக் கொடுத்த சீதன வீட்டுக்கென்று கொழும்பிலிருந்து எடுப்பித்தவை. சுபைறாவுக்கு அப்போது அக்கரைப்பற்றில் மாப்பிள்ளை பேசிக்கொண்டிருந்தார்கள். சின்ன வயதில் அவளுக்கு வலிப்பு வந்ததையும் பிறகு ஒருநாளும் வராததையும் பஸ்மினா அறிவாள்; குசினியில் கூடியிருந்த பெண்களிடம் முதல் பாதியை மட்டும் சொன்னாள். உடனே மினுக்கத்தின் மேல் இளஞ்சிவப்பாக நீர் வழிந்து, வெயிலில் கிடந்த மாட்டுக் குடலின் நாற்றம் எழுந்தது. பெண்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு போனார்கள். போன இடமெல்லாம் வலிப்பைச் சொன்னார்கள். நாற்றத்தை யாரும் சொல்லவில்லை. மாப்பிள்ளை வீட்டார் பிறகு வரவில்லை.

பிழை கதவில் என்றாள் ஹாஜறா. தச்சு பாஸ் றிஸ்மி வந்து, சட்டம் வைத்த மரக்கதவு போட்டான். சட்டத்தின் மூலைகளில் நீர் தேங்கிப் புழு வைத்தது. காற்றோட்டம் நல்லதென்று பலகைச் சீவல்களைச் சரித்து அடுக்கிய கதவு போட்டார்கள். ஒவ்வொரு சீவலிலும் வழிந்தது, இடுக்கில் விரல் விட்டுத் துடைக்கையில் பஸ்மினா வாந்தியெடுத்தாள். கண்ணாடிக் கதவு போட்டபோது, உள்ளே பீங்கான்களின் மேல் கொழுப்பு உறைவது வெளியிலிருந்தே தெரிந்தது. அவளுடைய கணவன் ஸிராஜ் கடையில் சாப்பிடத் தொடங்கினான். வீட்டுச் சோறு தொண்டையில் இறங்கவில்லை என்றான். கதவுகள் ஏன் நாறுகின்றன என்று அவளிடம் கேட்கவில்லை.

கடைசியில் அவள் சுபைறாவிடம் போனாள்.

“மதினி, ஒங்கட வலிப்பக் கதச்சது நான்தான். மாப்புத் தாங்க.”

சுபைறா மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

“தெரியும். புறம் பேசுறது செத்த கூடப்பிறப்பிட இறைச்சியத் திங்கிறதுதானே. நீ என்னத் திண்டிட்டாய், பஸ்மினா. இப்ப நான் என்னத்தச் செல்ல?”

“குசினி நாறுது, மதினி.”

“நாறட்டும்.”

மாப்பு அன்று கிடைக்கவில்லை, அடுத்த பெருநாளிலும் கிடைக்கவில்லை. கதவுகளை அதற்குப் பிறகு மாற்றவில்லை. காலையில் அடுப்பு மூட்டுமுன் பஸ்மினா வெந்நீரும் வினாகிரியும் கொண்டு அவற்றைத் துடைக்கிறாள். அழுக்குத் துணியை நக்கப் பூனைகள் வாசலில் காத்திருக்கின்றன. புதிதாக வருகிறவர்கள் முகம் சுளித்தால், “அது நான் சுபைறா மதினியக் கதச்ச நாத்தம்,” என்று சொல்லிவிட்டு, தேத்தண்ணிக்குச் சீனி எவ்வளவு என்று கேட்கிறாள்.