பெயரில்லாப் பொட்டலம்

தெப்புக்குக் காய்ச்சல் கண்டு எழுபத்தாறு மணி நேரம் ஆகியிருந்தது. நடுவில் ஒரு பகல் மட்டும் விட்டிருந்தது. அது ஏன் விட்டது என்று தோவா யாரிடமும் சொல்லவில்லை.

மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவில் தரை வியர்த்துக் கிடந்தது. மார்ச் மாத ஈரக்காற்றில் நாம் தின் நகரத்துப் பக்கம் எந்தத் தரையும் காய்வதில்லை. தோவா மகனை மடியில் சாய்த்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கணவன் ஹாய் ஃபோங்கில், கப்பல் கட்டும் தளத்தில் இருந்தான். துணைக்கு வந்தவள் அவனுடைய அக்கா லுவா. சந்தையில் மீன் விற்பவள்.

“ரெண்டு வயசுப் பிள்ளைக்குக் கற்கண்டும் குட்டி ஆரஞ்சும் அவிச்சு ஊத்திக்கிட்டே இருந்தா, சளி பயந்து ஓடிருமா?” என்றாள் லுவா. “என் மூணும் பொட்டலம் தின்னுதான் வளந்துச்சுங்க. ரெண்டு நாள் குடுத்தா மூணாம் நாள் ஓட்டு மேல ஏறி நிக்கும்.”

“தெரியும் அண்ணி.”

“உனக்கு எல்லாம் தெரியும். அதான் கஷ்டமே.”

மருந்துக்கடையில் இருமலைச் சொன்னால் போதும். கடைக்காரி பிள்ளையின் எடையைக் கேட்டு, பெரும்பாலும் ஆன்டிபயாடிக்கும் சேர்த்து நாலைந்து வகை மாத்திரைகளைப் பொடித்து, வேளைக்கு ஒன்றாகக் காகிதத்தில் மடித்துக் கொடுப்பாள். அட்டையும் இருக்காது, பெயரும் இருக்காது. எதெது கலந்தது என்று கேட்டால் சிரிப்பாள்.

மழலையர் பள்ளிப் பெற்றோரின் கைபேசிக் குழுவில் அந்தப் பொட்டலத்துக்கு எதிராக எழுதுபவள் தோவா. சளி நெஞ்சில் இறங்கிவிட்டதா என்று பார்க்க, சட்டையைத் தூக்கி மூச்சை எண்ணுவது எப்படி என்று அங்கே சொல்லிக் கொடுத்தவளும் அவள்தான். தெப்பின் உடம்பு இதுவரை ஆன்டிபயாடிக்கே கண்டதில்லை என்று அவன் பிறந்தநாளன்று எழுதியிருந்தாள். குழுவே வாழ்த்தியது.

முந்தாநாள் காலையில் அவள் முகக்கவசத்துக்கு மேல் ஹெல்மெட்டும் மாட்டிக்கொண்டு, தன்னை யாருக்கும் தெரியாத பக்கத்து ஊர்க் கடைக்குப் போனாள். பொடியைத் தயிரில் குழைத்து ஊட்டினாள். நேற்றுக் காலையில் காய்ச்சல் விட்டது. பிள்ளை கஞ்சி குடித்தான். மிச்சப் பொட்டலங்களைக் குப்பையில் போட்டாள். குப்பை வண்டி வந்து போனது. இருட்டியதும் காய்ச்சல் திரும்பி வந்தது.

“அக்கா, நீங்களுமா?” என்று ஹியென் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அதே குழுவில் இருப்பவள். கையில் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். “நீங்க எழுதினதப் படிச்சுட்டுத்தான் நானும் ஒண்ணும் குடுக்கல. என் மாமியார் என்னைக் கண்டாலே கொலைகாரியப் பாக்கற மாதிரி பாக்கறாங்க.”

“நல்லதுதான்” என்றாள் தோவா. அதற்குள் உள்ளே கூப்பிட்டார்கள்.

டாக்டர் வின் முதுகில் குழாயை வைத்து நெடுநேரம் கேட்டார். வலப்பக்கம் கீழே இன்னொரு முறை வைத்தார். கடிகாரத்தைப் பார்த்து மூச்சை எண்ணினார்.

“நெஞ்சுல சளி கட்டியிருக்கு. வீட்ல ஆன்டிபயாடிக் எதாவது குடுத்தீங்களா? மறைக்காமச் சொல்லுங்க.”

லுவா முந்திக்கொண்டாள். “இவளா? நான் பொட்டலம் வாங்கிட்டு வரேன்னதுக்கே கதவைச் சாத்தினவ, டாக்டர். பேச்சுக்குச் சொல்லல, நெசமாவே சாத்தினா.”

டாக்டர் சிரித்துவிட்டார். “இப்படி ஒரு அம்மாவப் பாத்து ரொம்ப நாளாச்சு. இங்க வர்றவங்க பாதிப் பேர் பொய்தான் சொல்றாங்க.” தோவாவைப் பார்த்தார். “அப்ப எதுவும் குடுக்கல?”

தோவா தலையை அசைத்தாள். இல்லை என்றுதான் அதற்குப் பொருள்.

“நல்லது. வழக்கமான சிரப் எழுதறேன். வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க, ரெண்டு நாள் கழிச்சு வாங்க. ஏற்கெனவே மருந்து குடுத்து அதையும் மீறித் திரும்பியிருந்தா கதை வேற. இங்கயே படுக்க வெச்சு, எக்ஸ்ரே எடுத்து, ஊசி மருந்தே போட வேண்டியிருக்கும். உங்களுக்கு அந்தத் தொல்லை இல்ல.”

லுவா மருந்து வாங்க வரிசைக்குப் போனாள். ஹியென் மகளோடு உள்ளே போனாள். தோவா பெஞ்சில் உட்கார்ந்து தெப்பின் சட்டையைத் தூக்கி, கைபேசியில் நொடிகளைப் பார்த்து மூச்சை எண்ணத் தொடங்கினாள். பாதியில் நிறுத்திவிட்டாள். இதை டாக்டரும் எண்ணியிருந்தார். அவருக்குத் தெரியாதது பொட்டலம்தான்.

தெப் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்துவிட்டு மறுபடியும் மூடிக்கொண்டான்.

“ஏ, எங்க போற? சிரப் வாங்கிட்டேன்” என்று லுவா பின்னாலிருந்து கூப்பிட்டாள்.

தோவா கதவைத் தள்ளினாள். ஹியென் நாற்காலியில் இருந்தாள். டாக்டர் குழாயைக் காதிலிருந்து எடுத்தார்.

“என்னம்மா? இந்தப் பாப்பாவ முடிச்சுக்கட்டுமே.”

“அக்கா, என்னாச்சு?” என்றாள் ஹியென்.

லுவா வந்து அவள் தோளுக்குப் பின்னால் நின்றாள். மூன்று பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

“நான் குடுத்தேன், டாக்டர்” என்றாள் தோவா. “பொட்டலம். பக்கத்து ஊர்க் கடையில வாங்கினேன். உள்ள என்ன இருந்துச்சுன்னு தெரியாது. காய்ச்சல் விட்டதும் நிறுத்திட்டேன்.”