பீப்பாய்க்குப் பின்னால்
பிரான்சின் ஆர்ல் நகரத்தில், பக்கத்து வீட்டுக் கைம்பெண் கிளாரீஸின் ஆலிவ் ஊறுகாயை யாராவது புகழ்ந்தால் ஒனோரினுக்கு வயிறு எரியும். இருவர் வீட்டு நிலவறையும் ஒரே பழைய ரோமானியச் சுரங்கக் கூடம்தான், நடுவே ஒரு சுவர். ஒரே தோட்டத்துக் காய், ஒரே உப்பு. ஆனாலும் அந்தக் கைம்பெண்ணின் காய் நறுக்கென்று கடிபடும், ஒனோரினுடையது கசந்து குழையும். கசப்புப் போக ஒன்பது நாள் தினமும் தண்ணீர் மாற்ற வேண்டும். ஒனோரினுக்கு முட்டி வலி, நினைத்தபோதுதான் படியிறங்குவாள். கிளாரீஸுக்கோ முதுகே நிமிராது. அவள் எப்படி வாளி தூக்குகிறாள்?

"அவ பக்கம் குளுமை ஜாஸ்தி. அதான்," என்பாள் ஒனோரின்.

"விடுடி, காய்தானே," என்பான் கணவன் பாத்தீஸ்த்.

சந்தைவெளியைத் தாங்க ரோமானியர் கட்டிய கூடம் அது. பிறகு மேலே வீடுகள் வந்து நிலவறைகளாகப் பங்கு போட்டுக்கொண்டன. போரின்போது குண்டுக்குப் பயந்து எல்லோரும் அங்கேதான் பதுங்கினார்கள். ஒரு வீடு இடிந்தாலும் அடுத்த வீட்டு வழியே தப்ப, சுவருக்குச் சுவர் ஓட்டை போட்டார்கள். போர் முடிந்ததும் அவரவர் அடைத்தார்கள். தங்கள் ஓட்டையைத் தானே அடைத்துவிட்டதாகச் சொல்லி, பாத்தீஸ்த் அங்கே ஒயின் பீப்பாயை நிறுத்தினான்.

இப்போது நகராட்சி சுவர்களை இடித்துக் கூடத்தை மீட்கப் போகிறதாம். முதலில் சம்மதித்தவள் ஒனோரின்தான். தன் நிலவறை போனால் போகட்டும், கிளாரீஸின் குளுமையும் போகுமே! பாத்தீஸ்துக்கு அன்றிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. ஒயினை எங்கே வைப்பது என்ற கவலை என்று அவள் நினைத்தாள்.

கொத்தனார் வந்து பீப்பாயை உருட்டினார். கடப்பாரையைக் கீழே வைத்தார்.

"எதம்மா இடிக்கிறது? இங்கதான் வழி இருக்கே."

ஆள் ஏறி இறங்கி ஓட்டையின் அடிக்கல் வழவழத்திருந்தது. அந்தப் பக்கம் ஆலிவ் தொட்டியருகே கிளாரீஸ் நின்றிருந்தாள். தொட்டியின் மேல், காணாமல் போனதாக பாத்தீஸ்த் சொன்ன நீலச் சட்டை, கை நனைந்து கிடந்தது.

ஒனோரின் முட்டி வலியோடு கல்லைத் தாண்டினாள். தொட்டியில் கைவிட்டு ஒரு காயை எடுத்துக் கடித்தாள். துளிக் கசப்பில்லை.

அவள் கிளாரீஸைப் பார்க்கவே இல்லை. பீப்பாயருகே நின்ற கணவனிடம் திரும்பினாள்.

"முட்டி வலி, முட்டி வலின்னு எத்தன வருஷமா சொல்றேன். எனக்கு ஒரு நாளாவது தண்ணி மாத்தினியா?"