தவசி ராவிய துப்பாக்கி

விதைக்கடலை எடுக்கத்தான் பஞ்சம்மாள் களத்து அறைக்குள் போனாள். வருசநாட்டில், மலை இறங்கி வந்து நிற்கிற ஓரத்தில் அவர்களுடைய தோட்டம். மூட்டை அடுக்குவதற்கென்று மண்சுவர் வைத்துக் கட்டிய அறை. மேலே நாட்டு ஓடு. ஒரே கதவு, ஜன்னல் கிடையாது. பின்னாலேயே நுழையப் பார்த்த வெள்ளாட்டை விரட்டிவிட்டு, அது மறுபடி வராமல் இருக்கக் கதவைத் தள்ளிச் சாத்தினாள்.

கதவு மறைவில் சாத்தி வைத்திருந்த ஏதோ ஒன்று சரிந்து விழுந்தது. விழுந்த வேகத்தில் வெடித்தது.

கண் திறந்தபோது அவள் கடலை மூட்டைகளுக்கு நடுவே மல்லாந்து கிடந்தாள். காதுக்குள் ஒரே இரைச்சல். தலைக்கு மேலே சுவரில் விழுந்த ஓட்டையிலிருந்து மண் பொலபொலவென்று உதிர்ந்தது. மார்பையும் வயிற்றையும் தடவிப் பார்த்தாள். ரத்தம் இல்லை. புகை விலகிய பிறகுதான், தரையில் கிடப்பது புருஷனின் துப்பாக்கி என்று தெரிந்தது. அதன் அடிக்கட்டை கதவில் முட்டிக்கொண்டிருந்தது. குழல் அவள் பக்கம் நீட்டியிருந்தது.

மேகமலைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து சீமைக்குத் திரும்பிய ஒரு துரை விற்றுவிட்டுப் போன துப்பாக்கி அது. ஒரு குண்டு போனதும் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும். ஆனால் ஒவ்வொரு குண்டுக்கும் விசையை ஒரு தரம் இழுத்தாக வேண்டும். கடலைக்காட்டை உழுது போடுகிற பன்றிகளுக்காக அவள் புருஷன் நல்லகண்ணு அலையாய் அலைந்து லைசென்ஸ் வாங்கியிருந்தார். வெள்ளாமைக் காவலுக்கு மட்டும்தான், இருக்கிற மாதிரியே வைத்துக்கொள்ள வேண்டும், எதையும் மாற்றக் கூடாது என்று தாலுகா ஆபீசில் சொல்லித்தான் கொடுத்தார்கள்.

நல்லகண்ணுவின் அக்காள் புருஷன் தவசி தேனியில் மோட்டார் ஷெட்டில் வேலை பார்ப்பவர். போன வாரம் வந்தவர் துப்பாக்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பன்னி கூட்டமா வருது. நீ ஒண்ணொண்ணா இழுத்துக்கிட்டு இருக்க. உள்ள அரத்த வச்சுக் கொஞ்சம் ராவி விட்டேன்னு வையி மாப்ள, ஒரு இழுப்புக்கு அம்புட்டும் போகும்."

"சர்க்காரு லைசென்ஸ் குடுத்த சாமான். அதுல கை வைக்காதீக அண்ணே," என்றாள் பஞ்சம்மாள். அவள் பேச்சு எடுபடவில்லை. இரண்டு பேரும் நாலு நாளாய் அரமும் எண்ணெயுமாய் உட்கார்ந்திருந்தார்கள்.

இப்போது வெளியே ஓடிவருகிற காலடி கேட்டது.

"பஞ்சு! உள்ளயா இருக்க?" நல்லகண்ணுவின் குரல்.

"உள்ளதான் இருக்கேன். துப்பாக்கி வெடிச்சிருச்சுங்க. கதவத் தெறங்க."

"கதவத் தொடாத மாப்ள!" என்று தவசி அலறினார். "அத இடிச்சா மறுபடி வெடிக்கும்."

எழப்போன பஞ்சம்மாள் அப்படியே கிடந்தாள். "வெடிச்சு முடிஞ்சிருச்சுல்லண்ணே?"

 நல்லகண்ணுதான் பதில் சொன்னார். காலையில் ஓடைப்பக்கம் சுட்டுப் பார்த்தார்களாம். முதல் இழுப்புக்கு ஒன்று போனது. அடுத்த இழுப்புக்கு இரண்டு. அதற்கப்புறம் சிக்கிக்கொண்டது. உள்ளே இருப்பதை வெளியே எடுக்கவும் முடியவில்லை. அந்த நேரம் பார்த்து பாரஸ்ட் கார்டு கர்ணன் பாதையில் வந்தாராம். பயந்துபோய் அப்படியே கொண்டுவந்து கதவு மறைவில் வைத்துவிட்டார்கள்.

"இன்னும் எத்தன இருக்கு உள்ள?"

"சரியாத் தெரியலயே பஞ்சு. மூணு இருக்கலாம். நாலும் இருக்கலாம்."

அவள் துப்பாக்கியைப் பார்த்தாள். அதன் கருப்பு வாயைப் பார்க்கப் பார்க்க மூச்சு விடவே பயமாக இருந்தது. மூட்டைக்கு அடியிலிருந்து ஒரு எலி வெளியே வந்தது. சிந்திக் கிடந்த கடலையை மோந்துகொண்டே துப்பாக்கிப் பக்கம் நகர்ந்தது. கத்தி விரட்டலாம். விரட்டினால் அது துப்பாக்கி மேல் ஏறி ஓடினால்? பஞ்சம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். எலி அடிக்கட்டை வரைக்கும் போய், மீசையை ஆட்டிவிட்டு, சுவரோரமாகத் திரும்பிப் போனது. அவளுடைய சேலை முதுகோடு நனைந்து ஒட்டியிருந்தது.

"ஏங்க," என்றாள். குரல் அவளுக்கே கேட்காத அளவு சின்னதாய் வந்தது. "கர்ணய்யா பட்டாளத்துல இருந்தவரு. அவருக்குத் துப்பாக்கி தெரியும். ரோந்து முடிச்சு இந்நேரம் ஓடப்பக்கந்தான் இருப்பாரு. ஒரு சத்தம் குடுங்க, வந்துருவாரு."

 தவசி தாழ்ந்த குரலில் பேசினார். கதவு இடுக்கு வழியே ஒவ்வொரு சொல்லும் உள்ளே வந்தது.

"அவன் வந்து பாத்தா தொலைஞ்சோம் மாப்ள. ஒரே இழுப்புல சரமா சுடுற துப்பாக்கி பட்டாளத்துக்கு மட்டுந்தான். நம்மகிட்ட இருந்தா செயிலு. லைசென்ஸ் உன் பேர்ல இருக்கு. ராவுனது நானு. ரெண்டு பேருக்கும் வெலங்குதான்."

இல்லை, கூப்பிடு என்று புருஷன் சொல்வார் என்று பஞ்சம்மாள் காத்திருந்தாள். நல்லகண்ணு எதுவும் சொல்லவில்லை. வெளியே ஆடு கத்தியது. அவர் மூச்சு விடுவதுகூடக் கேட்டது. பேச்சு மட்டும் வரவில்லை.

அந்த மௌனத்தில்தான் அவளுக்கு நிஜமான பயம் வந்தது. யாரும் தன்னைத் தூக்கிவிட வரமாட்டார்கள், தானாகத்தான் நகர வேண்டும் என்று தெரிந்துபோனது.

மூட்டைகளுக்கு நடுவிலிருந்து மெல்ல எழுந்தாள். மண்தரை மேடும் பள்ளமுமாக இருந்தது. கடலை மிதிபட்டு நொறுங்குகிற சத்தம்கூட இடி மாதிரிக் கேட்டது. கால்விரலால் கடலையை ஒதுக்கி ஒதுக்கி, முதுகைச் சுவரில் ஒட்டிக்கொண்டு, குழல் நீட்டியிருந்த பக்கத்தைவிட்டு விலகி விலகி நகர்ந்தாள். கதவோரத்து மூலைக்கு வந்ததும் குத்துக்காலிட்டு உட்கார்ந்து முழங்காலைக் கட்டிக்கொண்டாள். துப்பாக்கி இப்போது கை நீட்டினால் எட்டும் தூரத்தில், ஆனால் பக்கவாட்டில் கிடந்தது.

தலைக்கு மேலே ஓடு நொறுங்கியது.

"உன்ன மேல வழியா தூக்கிருவோம் பஞ்சு! அசையாம இரு!" நல்லகண்ணு கூரைமேல் ஏறியிருந்தார்.

"வேணாங்க, ஓடு விழுந்துரும்!" என்று அவள் கத்துவதற்குள் உடைந்த ஓடு ஒன்று உள்ளே விழுந்து துப்பாக்கிக்குப் பக்கத்தில் சிதறியது.

துப்பாக்கி துள்ளியது. யாரும் தொடாமலே, யாரும் விசையை இழுக்காமலே, அடுத்தடுத்து வெடித்தது. எதிரே மூட்டைகள் கிழிந்து கடலை அருவியாய்ச் சரிந்தது. சற்று முன்பு அவள் தலை வைத்திருந்த மூட்டை வாயைப் பிளந்துகொண்டு நின்றது.

பஞ்சம்மாள் கத்தவில்லை.  அவள் செத்துப்போய்விட்டாள் என்று கூரைமேல் இருந்தவர் நினைத்திருக்க வேண்டும். ஓடைப்பக்கம் திரும்பி நின்றுகொண்டு, தொண்டை கிழிகிற மாதிரி அலறினார்.

"கர்ணய்யா! கர்ணய்யோவ்! ஓடியாங்கய்யா! எம் பொஞ்சாதி உள்ள கெடக்கா!"

கர்ணன் வந்தபோது அவள் அதே மூலையில்தான் இருந்தாள். அவர் அதிகம் கேட்கவில்லை. கூரை இடுக்கு வழியாகக் குனிந்து பார்த்து, "தாயி, உசுரோட இருக்கியா?" என்றார். தலையை மட்டும் ஆட்டினாள். "கண்ண மூடிக்க. அசையாத." துப்பாக்கி துள்ளாமல் அமுக்க, நனைத்த சாக்குகளை எடுத்துக்கொண்டு, கயிற்றைப் பிடித்து, குழலுக்குப் பின்பக்கமாக இறங்கினார். இரும்பு உரசுகிற சத்தம் கேட்டது. அப்புறம் வெகுநேரம் எதுவும் கேட்கவில்லை.

"கண்ணத் தெறந்துக்க தாயி."

அவர் உள்ளங்கையில் ஒரு தோட்டா இருந்தது. இன்னும் ஒன்று மிச்சம் இருந்திருக்கிறது.

களத்தில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். சொம்பு பல்லில் இடித்து இடித்துத் தண்ணீர் எல்லாம் மடியில் கொட்டியது. தவசி கர்ணன் காலடியில் உட்கார்ந்து கெஞ்சினார். "கை தவறிக் கீழ விழுந்துச்சுன்னு சொல்லிருவோமய்யா. பன்னிக்கு வச்சதுதான்."

"இதுக்குள்ள அரம் பட்டிருக்கு. பாத்தாலே தெரியுது," என்றார் கர்ணன். "இது பன்னிய மட்டுமா கொல்லும்? பிடிச்சிருக்கிறவனயே கொல்லும். நான் ஸ்டேஷன்ல சொல்லாம இருக்க முடியாது." சொல்லிவிட்டு பஞ்சம்மாளைப் பார்த்தார். அவள் தடுக்கவேண்டும் என்று மூன்று ஆண்களும் எதிர்பார்த்த மாதிரி இருந்தது.

"சொல்லுங்கய்யா," என்றாள்.

துப்பாக்கியைப் போலீஸ் எடுத்துக்கொண்டது. லைசென்ஸ் ரத்தானது. பெரியகுளம் கோர்ட்டில், எனக்கு ஒன்றும் தெரியாது என்று மட்டும் சொல்லச்சொல்லி வக்கீல் அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்.  கூண்டில் ஏறியதும் அவள் அரம், எண்ணெய், கதவு, ஓடு எல்லாவற்றையும் நடந்தபடியே சொன்னாள். நல்லகண்ணு தலையைக் குனிந்துகொண்டார். தவசிக்கு ஆறு மாதம். நல்லகண்ணுவுக்கு அதில் பாதி.

விடுதலையாகி வந்த அன்று, சோறு போட்டபோது அவர் கேட்டார். "கடைசில நான் கூப்புட்டேன்ல பஞ்சு?"

"கூப்புட்டீக," என்றாள். குழம்பை ஊற்றினாள். "அதுக்கு முன்னால நீங்க சும்மா நின்னதும் எனக்குக் கேட்டுச்சு."

 அவள் அடுப்படிக்குத் திரும்பிப் போனாள். காற்றில் கதவு லேசாக அசைந்தது. சட்டென்று சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள்.  நல்லகண்ணு எச்சில் கையோடு எழுந்து வந்தார். கதவை அகலத் திறந்து, மறுபடி ஆடாமல் அம்மிக்குழவியை முட்டுக் கொடுத்தார். அவளைத் தொடாமல் திரும்பிப் போய்ச் சாப்பிட உட்கார்ந்தார்.