ந வரிசையில் இல்லாத பாட்டு

யப்பானிய வகுப்புக்குப் பெயர் கொடுத்துவிட்டு வந்த அன்று, தக்ஷினியின் தமையன் சஞ்சீவன் சாப்பாட்டு மேசையில் இருந்தபடியே சிரித்தான்.

"பிரெஞ்சே இன்னும் உன்ரை வாயிலை ஒழுங்கா வரேல்லை. அதுக்குள்ளை யப்பானோ?"

பகலில் லாசால் பகுதியில் ஒரு மருந்துக் களஞ்சியத்தில் பெட்டிகளுக்கு இலக்கம் ஒட்டும் வேலை. வாரத்தில் இரண்டு பின்னேரம் மெட்ரோ ஏறி வகுப்பு. அந்த எழுத்துகளின் வடிவம் பிடித்துப்போனது என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. அது ஒரு காரணமா என்று அவளுக்கே சந்தேகம்தான்.

வகுப்பில் பக்கத்து மேசைக்காரருக்கு அந்தச் சந்தேகம் கிடையாது. லுக் என்று பெயர். மின்சார வேலை செய்யும் கியூபெக்காரர். முதல் நாள் ஆசிரியை மொறி ஒவ்வொருவரிடமும் ஏன் படிக்க வந்தீர்கள் என்று கேட்டபோது, "என் மனைவி யப்பானியர். போன வருடம் இறந்துவிட்டார். மகளுக்கு ஐந்து வயது. அவளோடு அந்த மொழியில் கதைக்க இப்போது வீட்டில் ஆள் இல்லை," என்றார்.

இடைவேளையில் கோப்பி இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று மிச்சத்தைத் தக்ஷினிக்குச் சொன்னார். மனைவி மகளைத் தூங்கவைக்கும்போது ஒரே ஒரு பாட்டைத்தான் பாடுவாளாம். அது அலையைக் குறிக்கும் 'நமி' என்ற சொல்லோடு தொடங்கும். அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். சின்னவள் சயோ அதைத் தனக்குள் பாடிக்கொண்டிருந்தாள். போன குளிர்காலத்தில் நாலைந்து வரி வந்தது. இப்போது 'நமி' வருகிறது, பிறகு வெறும் ல-ல-லா. பாடிக் காட்டச் சொன்னால் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொள்வாள். மனைவிக்கு யப்பானில் கேட்கக்கூடிய உறவு என்று யாரும் மிஞ்சவில்லை.

"இந்தக் குளிர்காலம் முடியும்போது அந்தச் சொல்லும் போய்விடும்," என்றார் லுக். "ஆசிரியையிடம் பாடிக் காட்டினேன். பாவம், அவர் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டேன். எனக்கு ராகம் வராது."

தக்ஷினி எதையும் இரண்டு தரம் சரிபார்க்காமல் சொல்கிறவள் அல்ல. ஆனால் இந்த ஒரு விசயத்தில் அவளுக்குப் பயிற்சி இருந்தது. கலியாணத்துக்குப் போகும் வானுக்குள்ளும் பிறந்தநாள் மண்டபத்துக் கதிரைகளிலும் 'பாட்டுக்குப் பாட்டு' விளையாடி வளர்ந்தவள் அவள். எழுத்தைக் கொடுத்தால் பாட்டு வரும். எதிராளி பத்து எண்ணி முடிப்பதற்குள் வரும்.

"எழுத்துத் தெரியுமென்றால் போதும்," என்றாள். "கண்டுபிடிக்கலாம்."

வீடு போய்ச் சேர்வதற்குள், ஏன் வாயைக் கொடுத்தேன் என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

மொறி ரீச்சர் ஆற்றுக்கு அக்கரையில் புரோசார்டில் உள்ள ஒரு கரோக்கே கடையிலிருந்து பாட்டுப் புத்தகத்தை இரவல் வாங்கித் தந்தார். தொலைபேசிப் புத்தகத்தின் கனம். தக்ஷினி அதை மேசையில் விரித்துவிட்டுச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள். அ, இ, உ, எ, ஒ. பிறகு க, ச, த, ந. எங்கேயோ கிடக்கிற ஒரு தேசம் தன் பாட்டுகளையெல்லாம், அவள் மண்ணிலே விரல் வைத்துப் படித்த அதே ஒழுங்கில் அடுக்கி வைத்திருந்தது. 'ந' என்ற ஓர் எழுத்தில் தொடங்கும் தலைப்புகளே பக்கம் பக்கமாக ஓடின. கோடை என்று தொடங்குபவை, கண்ணீர் என்று தொடங்குபவை, ஏன் என்று கேட்டுத் தொடங்குபவை. அப்பாடி, ஓர் எழுத்துக்கே இவ்வளவா? பத்து வாரத்தில் ஒரு மொழியைப் படிக்கலாம் என்று நினைத்த தன்னை நினைத்து அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

'நமி' என்று தொடங்கிய தலைப்புகளை எல்லாம் எடுத்தாள். ஒரு சனிக்கிழமை லுக் மகளையும் அவளையும் ஏற்றிக்கொண்டு புரோசார்டுக்குப் போனார். கரோக்கே அறையில் சயோ சப்பாத்தோடு மெத்தை இருக்கையில் படுத்து, பறவையா மீனா என்று தெரியாத ஒன்றைக் கடதாசியில் கீறிக்கொண்டிருந்தாள். பாட்டுகள் ஒவ்வொன்றாகப் போயின. அவள் தலையை நிமிர்த்தவே இல்லை. கடைசிப் பாட்டுக்கு மட்டும், "அப்பா, சத்தம்," என்று பிரெஞ்சில் முறைப்பாடு சொன்னாள்.

திரும்பி வரும்போது பாலத்தின் மேலே லுக் சொன்னார்: "ஒருவேளை அப்படி ஒரு பாட்டே இல்லையோ? என் மனைவியே கட்டிப் பாடியிருந்தால்?"

அப்படியென்றால் இனி அதை எங்கும் தேட முடியாது. தக்ஷினிக்கு அது விளங்கியது. தான் ஏதோ ஒரு பக்கத்தைத் தவறவிட்டிருப்பேன் என்றுதான் நினைத்தாள். வரிசையைத் திரும்பவும் பார்த்தாள். தவறவில்லை.

அடுத்த வகுப்பன்று பனி கொட்டியது. லுக்கின் கார் வேலைத்தலத்திலேயே நின்றுவிட்டது. தங்கையை ஏற்ற வந்த சஞ்சீவன், "ஏறுங்கோ, ஏறுங்கோ, மெட்ரோவிலை விடுறன்," என்று கைகாட்டி லுக்கையும் வானுக்குள் ஏற்றினான். வானில் எப்போதும்போல ஒரு பழைய தமிழ்ப் பாட்டு உரத்து ஓடியது.

"அழகாக இருக்கிறது. இந்தப் பாட்டின் பெயர் என்ன?" என்று லுக் கேட்டார்.

தக்ஷினி முதல் வரியைச் சொன்னாள்.

"அது இப்போது பாடினதல்லவா? நான் பெயரைக் கேட்டேன்."

"அதுதான் பெயர்."

"இல்லை, தலைப்பு. எழுதியவர் வைத்த பெயர்."

தக்ஷினி முழித்தாள். "என்னவாம்?" என்றான் சஞ்சீவன், கண்ணாடியில் பனி வழிவதைப் பார்த்தபடி.

"பாட்டுக்குப் பேர் என்னெண்டு கேக்கிறார், அண்ணா."

"பாட்டுக்குப் பேரோ? விசர்க் கதை. பாட்டுத்தான் பாட்டுக்குப் பேர். முதல் வரியைச் சொல்லு, மனிசன் பிழைச்சுப் போகட்டும்."

அந்த இடத்தில் தக்ஷினி ஐயோ என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள். சஞ்சீவன் பிரேக்கை அமத்தினான். வான் கொஞ்சம் வழுக்கி நின்றது.

"என்னடி? நாயோ குறுக்காலை வந்தது?"

"நான் தலைப்பிலை தேடினனான், அண்ணா. தலைப்பிலை!"

லுக்குக்குப் பிரெஞ்சில் சொல்லும்போது நாக்குத் தடுக்கியது. எங்களுக்குப் பாட்டு எப்படித் தொடங்குகிறதோ அதுதான் அதன் பெயர். அதனால் யப்பானிலும் அப்படித்தான் என்று நான் எடுத்துக்கொண்டேன். உங்கள் மனைவி பாடியது முதல் சொல். தலைப்பு வேறாக இருக்கலாம். எந்த எழுத்திலும் இருக்கலாம்.

"எந்த எழுத்திலுமா?" லுக் அவள் மடியில் இருந்த புத்தகத்தின் கனத்தைப் பார்த்தார்.

"ஓம்," என்று தமிழிலேயே சொன்னாள்.

மொறி ரீச்சர் ஒரு வழி காட்டினார். ஒவ்வொரு தலைப்புக்கும் பக்கத்தில் பொடி எழுத்தில் இன்னொரு நிரல் இருந்தது. பாட்டு தொடங்கும் சொற்கள் அதில் இருந்தன. தக்ஷினி அதை ஏதோ விலாசம் என்று எண்ணி இத்தனை நாளும் பார்க்காமல் விட்டிருந்தாள். அலைக்கு ஒரே ஓர் எழுத்து உண்டு, இடப்பக்கம் மூன்று துளி தெறித்த வடிவம். அதை மட்டும் தேடினால் போதும் என்றார் ரீச்சர்.

தக்ஷினி கோடு போடும் அடிமட்டத்தை வைத்து வரிவரியாக இறங்கினாள், அ-விலிருந்து. களஞ்சியத்தில் சாப்பாட்டு நேரத்தில், பேருந்தில், சமையலறை மேசையில். போகப்போக அவளுக்குத் தேடுவதே மறந்துபோகும். மழை என்று தொடங்கி அப்படியே நின்றுவிடும் வரிகள். கடைசி ரயில். யாரோ ஒருவரின் முதுகு. பாதிக்குப் பொருள் தெரியவில்லை. ஆனாலும் அந்த நிரல் முழுவதும், பாட வாயைத் திறந்த ஒரு கூட்டம் நிற்பதைப்போல இருந்தது. எல்லாரும் முதல் மூச்சை எடுத்துவிட்டார்கள், அடுத்ததை அவள் கேட்கவில்லை. சில வேளை சும்மா கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. பிறகு சஞ்சீவன் கண்டால் என்ன சொல்வான் என்று நினைத்து அடிமட்டத்தை ஒரு வரி இறக்குவாள்.

கடைசியில் சில பாட்டுகள் கடதாசித் துண்டு செருகப்பட்டு நின்றன. மீண்டும் புரோசார்ட். மீண்டும் அதே அறை. இந்த முறை சயோ மேசைக்குக் கீழே உருளைக்கிழங்குப் பொரியலோடு இருந்தாள். க-வில் ஒன்று, ச-வில் ஒன்று, த-வில் இரண்டு. ஒன்றுக்கும் அசைவில்லை. லுக் முழங்கைகளைத் தொடையில் ஊன்றிக் கீழே பார்த்திருந்தார். அடிமட்டம் எங்கேயாவது வழுக்கியிருக்குமோ என்று தக்ஷினி பக்கங்களைத் திரும்பப் புரட்டினாள். 'மி' வரிசையில் இருந்த பாட்டின் இலக்கத்தை அமத்தினாள். தலைப்பு 'மினாத்தோ நோ கசா', துறைமுகத்துக் குடை.

இசை மெதுவாகத் தொடங்கியது. திரையில் முதல் வரி வந்தது. யாரும் பாடாவிட்டால் அது வெறுமனே நிறம் மாறிப் போய்விடும் என்பதால், தக்ஷினி எழுத்துக் கூட்டிப் பாடினாள். "நமி..."

மேசைக்குக் கீழே பொரியல் மெல்லும் சத்தம் நின்றது.

முதலில் ஒரு தலை வந்தது. பிறகு எண்ணெய்க் கைகள் மேசை விளிம்பைப் பிடித்தன. சயோ திரையைப் பார்க்கவில்லை, அவளுக்கு வாசிக்கத் தெரியாது. சுவரைப் பார்த்தபடி, தக்ஷினிக்கு அரை வரி முன்னே போய்ப் பாடினாள். ல-ல-லா இல்லை. சொல் சொல்லாக, மூச்சு எடுக்கவேண்டிய இடத்தில் மூச்சு எடுத்து. முதல் சரணம் முடிந்தது. வீட்டில் ஒருநாளும் வாயில் வராத இரண்டாம் சரணத்துக்கும் அவள் நிற்காமல் போனாள். அந்தச் சின்ன நெஞ்சுக்குள் இவ்வளவும் எங்கே இருந்தது என்று தக்ஷினி வாய் பார்த்து நின்றாள்.

ஒவ்வொரு சரணத்தின் கடைசி வரியிலும் திரை 'அனத்தா' என்று காட்டியது. 'நீ' என்பதற்கான சொல். சயோ அதைப் பாடவில்லை. இரண்டு முறையும் அந்த இடத்தில், "சயோக்கோ," என்றாள்.

அது அவளுடைய முழுப்பெயர். சொல்லின் அளவும் பெயரின் அளவும் ஒன்றாகவே இருந்தன. தையல் வெளியே தெரியாதபடி அந்தத் தாய் பாட்டுக்குள் மகளை வைத்திருந்தாள். திரையில் இருந்தது உலகத்துக்கான பாட்டு. இங்கே கேட்டது ஒரே ஒரு பிள்ளைக்கான பாட்டு.

தக்ஷினி லுக்கிடம் திரையில் அந்தச் சொல்லைத் தொட்டுக் காட்டி, மகளைக் காட்டினாள். அவர் விளங்கிக்கொள்ளக் கொஞ்ச நேரம் எடுத்தது. பிறகு முகத்தை முழங்கையால் துடைத்தார்.

மூன்றாம் சரணம் தொடங்கியபோது தக்ஷினி ஒலிவாங்கியை மேசையில் வைத்துவிட்டாள். சயோ தனியே பாடிக்கொண்டு போனாள். கடைசி வரி வந்ததும் லுக் நிலத்தில் மண்டியிட்டு மகளின் முகத்துக்கு நேரே வந்து, பெயர் வரும் இடத்தில், ராகம் துளியும் இல்லாத தன் குரலில், அவளோடு சேர்ந்து பாடினார். அந்தப் பாட்டில் அவர் வாசித்துத் தெரிந்துகொள்ளத் தேவையில்லாத சொல் அது ஒன்றுதான்.

சயோ வாயைப் பொத்தவில்லை. "பிழை, அப்பா," என்றாள் யப்பானிய மொழியில். "திரும்ப."