உப்பு தூவிய நாய்க்குட்டி

நாய்க்குட்டியைக் கையில் கொடுக்கும்போதே என் அண்ணன் ரிஃபத் கறாராகச் சொல்லிவிட்டான்.

"பதினஞ்சாம் நாள் வருவேன், குல்பெயாஸ். குட்டி ஆடுங்களோட இருந்தா அது உன்னுது. உன் வீட்டு வாசல்ல கிடந்தா தூக்கிட்டுப் போயிடுவேன். மூணு பேர் கேட்டுட்டு நிக்கிறாங்க."

எங்கள் குடும்பத்தில் காவல் நாயை விற்கமாட்டார்கள், தகுதி பார்த்துத்தான் கொடுப்பார்கள். தங்கையாயிற்றே என்று சலுகை காட்டுகிற ஆள் இல்லை ரிஃபத். சின்ன வயதிலிருந்தே அவனுக்குக் கல்நெஞ்சு.

எனக்கோ இந்தக் குட்டியை விட்டால் வழியில்லை. எங்கள் பழைய நாய் கண் மங்கித் தள்ளாடிய கடைசி இலையுதிர்காலத்தில் ஓநாய்கள் ஆறு ஆடுகளை இழுத்துப் போயின. குளிரில் அதுவும் செத்துப்போனது. இந்தக் கோடைக்குப் பக்கத்து மந்தையோடு ஒட்டிக்கொண்டு மலைக்கு ஏறலாம். எத்தனை வருஷம் அடுத்தவர் நாயை நம்பிப் பிழைப்பது? சொந்த நாய் இல்லையென்றால் அறுபது செம்மறியாடுகளையும் விற்கவேண்டியதுதான். அண்ணனின் நாய்க்கும் இதுதான் கடைசி ஈற்று.

குட்டிக்குத் துமான் என்று பெயர் வைத்தோம். கறுத்த முகம், சாம்பல் நிற உடம்பு, உடம்புக்குப் பொருந்தாத பெரிய பாதங்கள். முதல் நாளே சட்டம் போட்டேன். வீட்டுக்குள் விடக்கூடாது, தடவிக்கொடுக்கக்கூடாது, சோறு பட்டிக்குள்தான். காவல் நாய் மனிதரைக் கண்டு வாலாட்டப் பழகிவிட்டால் அப்புறம் ஆடுகளை யார் பார்ப்பது?

சட்டம் எனக்குத்தான் தெரிந்திருந்தது. என் கணவர் இஸ்கெந்தருக்கு அது காதில் ஏறவே இல்லை. சட்டைப்பையில் ரொட்டித்துண்டை ஒளித்துவைத்துக்கொண்டு பட்டிப் பக்கம் போவார். திரும்பி வரும்போது குட்டி பின்னாலேயே வரும்.

"ஏங்க, பையில என்ன?"

"ஒண்ணுமில்லையே."

"ஒண்ணுமில்லாததையா அது மோந்து பாக்குது?"

"பாவம் குல்பெயாஸ், நேத்துவரைக்கும் அம்மா மடியில கிடந்தது."

"நீங்க அம்மாவாயிடாதீங்க. அதுக்குத்தான் பட்டியில அறுபது அம்மா இருக்கு."

அந்த அறுபதும் அதைச் சேர்த்துக்கொள்ளவில்லை என்பதுதான் கஷ்டம். மந்தைக்குத் தலைவி சுல்தான், பத்து வயசுக் கிழவி, கழுத்தில் மணி கட்டியவள். அவள் போகிற பக்கம்தான் மற்றவை போகும். துமான் கிட்டே வந்தால் முன்னங்காலை ஓங்கித் தரையில் தட்டுவாள். உடனே மந்தை முழுக்க எதிர்மூலைக்கு ஓடும். குட்டி நடுவில் தனியாக உட்கார்ந்து ஊளையிடும். பட்டியோரம் கட்டியிருந்த எங்கள் கழுதையும் தன் பங்குக்கு ஓர் உதை விட்டது. நல்லவேளை, குறி தப்பியது.

இப்படியே பன்னிரண்டு நாள் போய்விட்டது. தூக்கம் வராமல் புரண்டவளுக்கு விடியற்காலையில் ஒரு யோசனை வந்தது. ஈன்ற ஆடு குட்டியைச் சேர்க்காவிட்டால் நாங்கள் குட்டி முதுகில் உப்பைத் தூவுவோம். தாய் உப்புக்காக நக்கும். நக்க நக்க அதன் வாசனை பிடித்துப்போகும். ஆட்டுக்குட்டிக்குப் பலிப்பது நாய்க்குட்டிக்குப் பலிக்காதா? இத்தனை வருஷம் இது யாருக்கும் தோன்றவில்லையே என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

இரண்டு கைப்பிடி உப்பைத் துமான் மேல் தேய்த்துப் பட்டிக்குள் விட்டேன். ஆடுகளுக்குப் போடும் உப்புக்கட்டி தீர்ந்து பத்து நாளாகியிருந்ததை மட்டும் மறந்துவிட்டேன்.

முதலில் ஒன்று நக்கியது. அப்புறம் ஐந்து. அப்புறம் அறுபதும். குட்டி எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை; ஆட்டுக் கம்பளி மட்டும்தான் தெரிந்தது. உள்ளே புகுந்து அதைப் பிடுங்கி வெளியே எடுத்தபோது தலைமுதல் வால்வரை எச்சிலில் ஊறியிருந்தது. ஆடுகள் வேலியில் முண்டியடித்துக்கொண்டு இன்னும் கேட்டன.

அதன்பிறகு கதை தலைகீழானது. துமானைக் கண்டால் ஆடுகள் துரத்தும். துமான் ஓடி மாட்டுவண்டிக்கு அடியில் பதுங்கும். ஊரில் யாரோ பார்த்துவிட்டார்கள். மறுநாள் தண்ணீர்க் குழாயடியில் ஒருத்தி கேட்டாள்.

"குல்பெயாஸ், உன் ஆடுங்க இப்ப நாயைத் திங்குதாமே?"

"உன் வாய்க்கும் கொஞ்சம் உப்பு போடவா?" என்று கேட்டுவிட்டு வந்தேன். ஆனால் உள்ளுக்குள் அழுகை முட்டியது.

பதினைந்தாம் நாள் காலை பால் கறந்துவிட்டு வந்தால், இஸ்கெந்தர் முற்றத்தில் அண்டாவை வைத்துத் துமானைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். வெந்நீர், துணி சோப்பு, நுரையோ நுரை.

"என்னங்க பண்றீங்க?"

"உப்பு போயிடும்ல? அப்ப ஆடுங்க துரத்தாது."

"அய்யோ மனுஷா. இத்தனை நாள் பட்டியில கிடந்து ஏறின வாசனையும் போயிடுச்சே. இது இப்ப நாயா, துவைச்ச போர்வையா? சுல்தான் கிட்டவே சேர்க்கமாட்டா."

அவர் முகம் விழுந்துவிட்டது. மேலே திட்ட வாயெடுத்தேன். உப்பு தூவியவள் யார் என்று ஞாபகம் வந்து மூடிக்கொண்டேன். அதற்குள் ரிஃபத்தின் டிராக்டர் சத்தம் கேட்டது.

அண்ணன் குட்டியை மோந்து பார்த்தான்.

"மாப்பிள்ளை அழைப்பா? சோப்பு போட்டிருக்கீங்க."

எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னேன். உப்புக் கதையில் அவன் வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சிரித்து முடித்ததும் பழைய கல்முகம் வந்துவிட்டது.

"பேச்சு பேச்சுதான். உள்ள விடு, பார்ப்போம்."

துமானைப் பட்டிக்குள் இறக்கினேன். ஆடுகள் பாய்ந்து வந்தன. குட்டி தரையோடு ஒட்டிக்கொண்டு நடுங்கியது. முதல் ஆடு நக்கிப் பார்த்து, தும்மிவிட்டுத் திரும்பியது. அடுத்ததும் தும்மியது. சோப்பு யாருக்குப் பிடிக்கும்? ஒவ்வொன்றாகக் கலைந்துபோய்ப் புல் மென்றன. கடைசியில் சுல்தான் மட்டும் நின்றாள். காலைத் தட்டப்போகிறாள் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

சத்தம் வரவில்லை. கண்ணைத் திறந்தால் சுல்தான் குட்டியின் காதை நக்கிக்கொண்டிருந்தாள். அவசரமில்லாமல், ஒரு காது முடிந்து மறு காது. இந்த வருஷம் அவள் ஈனவில்லை. உப்பு ஒரு துளிகூட மிச்சமில்லை, அவள் தும்மவும் இல்லை. பிறகு காலை மடக்கிப் படுத்தாள். துமான் ஊர்ந்துபோய் அவள் கழுத்தடியில் முகத்தைப் புதைத்தது.

"இன்னும் முடியல," என்றான் ரிஃபத். "இது யார் பின்னாடி ஓடுது?"

நான் கணவரைக் காட்டினேன்.

"மச்சான், ரொட்டியைக் காட்டிக் கூப்பிடுங்க. வந்தா எனக்கு, வராட்டி உங்களுக்கு. நடிக்கக்கூடாது, தினமும் கூப்பிடுற மாதிரியே கூப்பிடணும்."

இஸ்கெந்தருக்குப் பொய்யாகக் கூப்பிடத் தெரியாது. பையிலிருந்து ரொட்டியை எடுத்து வேலிக்கு மேல் நீட்டினார்.

"துமான். வாடா கண்ணு. வாடா."

துமான் தலையைத் தூக்கிப் பார்த்தது. வால் இரண்டு தரம் தரையில் அடித்தது. பிறகு தலையைத் திரும்பச் சுல்தான் கழுத்திலேயே வைத்துக்கொண்டது.

"சரி, உன்னுது," என்றான் அண்ணன் என்னிடம். டீகூடக் குடிக்காமல் டிராக்டரில் ஏறிப் போய்விட்டான்.

சந்தோஷத்தில் கத்தவேண்டும்போல் இருந்தது. ஆனால் இஸ்கெந்தர் நீட்டிய கையை மடக்காமலே நின்றார்.

"வரலியே," என்றார். கண் கலங்கியிருந்தது, வாய் சிரித்துக்கொண்டிருந்தது.

எனக்கும் அப்போதுதான் அழுகை வந்தது. பக்கத்தில் போய் நின்றேன். அவர் ரொட்டியைப் பிட்டுப் பாதியை என்னிடம் கொடுத்தார். வேலியில் சாய்ந்து இருவரும் தின்றோம்.