வாசல் தாண்டும் வரை

கலோலைன் மஞ்சள் பூப்போட்ட கவுனில் அறையை விட்டு வெளியே வந்தபோது, யாரோ விருந்தாளி வந்திருக்கிறாள் என்றுதான் சேலாவுக்கு முதலில் தோன்றியது. டோங்காவிலிருந்து இந்த வீட்டுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்தில் நாத்தனாரைக் கறுப்புத் துணியில் அல்லாமல் அவள் பார்த்ததே இல்லை. மகளைப் பறிகொடுத்தவள் ஒரு வருஷம் கறுப்பு உடுத்த வேண்டும். அனசேனி போய் எட்டு மாதந்தான் ஆகிறது. ஆனாலும் சேலாவுக்குச் சந்தோஷமாகவே இருந்தது. மனுஷி மெல்ல மீண்டு வருகிறாள், ஆண்டவருக்கு நன்றி என்று நினைத்துக்கொண்டு, வேகவைத்த சேப்பங்கிழங்கை ஐஸ்பெட்டியில் அடுக்கினாள்.

கோல்டு கோஸ்ட்டில் இருக்கும் அந்தப் பெரிய கேளிக்கைப் பார்க்கைப் பற்றிச் சேலாவின் மகள் லூப்பே, பேச்சு வந்த நாளிலிருந்தே கேட்டுக்கொண்டிருக்கிறாள். அனசேனி அங்கிருந்து வீடியோவில் கூப்பிடுவாள். பின்னால் ரயில் தலைகீழாகப் போகும், ஜனங்கள் கத்துவார்கள். இந்தப் பக்கம் லூப்பே போனை மூக்கோடு ஒட்டிக்கொண்டு வாய் பிளந்து உட்கார்ந்திருப்பாள். இரண்டு பேருக்கும் ஏழு மாதந்தான் வித்தியாசம். இரண்டு பேருக்கும் பெயர் வைத்தவள் கலோலைன்தான். தம்பி பிள்ளைக்குப் பெயர் வைப்பது அத்தையின் உரிமை. லூப்பே பிறந்த அன்று போனிலேயே சொல்லிவிட்டாள், யாரும் வேறு யோசிக்கவில்லை. அப்போது சேலாவுக்கு அது பெருமையாகக்கூட இருந்தது.

சனிக்கிழமை போகலாம் என்று சேலாவின் புருஷன் மோசேசே சொன்னதற்கு, செவ்வாய்க்கிழமைதான் கூட்டம் இருக்காது என்று கலோலைன் சொல்லியனுப்பினாள். பக்கத்து அறையில் இருக்கும் தம்பிக்குச் சொல்லியனுப்பினாள் என்றுதான் சொல்ல வேண்டும். டோங்கா வழக்கப்படி அக்காவும் தம்பியும் வயதுக்கு வந்தபின் ஒரே பாயில் உட்காருவதில்லை, ஒரே மேசையில் சாப்பிடுவதில்லை, நேருக்கு நேர் அதிகம் பேசுவதும் இல்லை. நடுவில் சேலாதான் தபால்காரி. மோசேசே கோழி ஆலையில் லீவு சொன்னான். அந்த வேலையும் கலோலைன் தேவாலயத்தில் நாலு பேரிடம் சொல்லி வாங்கித் தந்ததுதான்.

வேனைக் கலோலைன் ஓட்டினாள். மோசேசே கடைசி வரிசையில் ஐஸ்பெட்டியோடு ஒடுங்கிக்கொண்டான். கலோலைனிடம் ஒரு வருஷ பாஸ் மூன்று இருந்தன. ஒன்று அவளுடையது, ஒன்று மேற்கே சுரங்கத்தில் வேலை பார்க்கும் அவள் புருஷனுடையது, ஒன்று அனசேனியுடையது. ஆக, டிக்கெட் வாங்க வேண்டியவள் சேலா ஒருத்திதான்.

"பாஸ்ல போட்டோ இருக்குமே அண்ணி. பிடிச்சிட்டாங்கன்னா?"

"வெள்ளக்காரனுக்கு நம்ம மூஞ்சி எல்லாம் ஒரே மூஞ்சி. உன் புருஷன் என் புருஷனவிட ரெண்டு மடங்கு தொந்தி. அவனயே விட்ருவான் பாரு."

பின்வரிசையிலிருந்து மோசேசே சிரித்தான். சேலாவுக்குச் சிரிப்பு வரவில்லை. விசா ஒட்டி மூன்று மாதம். எந்தச் சின்னத் தப்பும் எங்கே போய் முடியுமோ என்ற பயம். அவள் லூப்பே பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். காலையிலேயே அத்தை அவளுக்கு இரட்டைச் சடை பின்னிவிட்டிருந்தாள்.

"இங்க பாரு. இன்னைக்கி உன் பேரு என்ன?"

"லூப்பே."

"இல்ல. அனசேனி. லூப்பேன்னு யார் கூப்டாலும் திரும்பக் கூடாது. அம்மா மறந்துபோய்க் கூப்டாலும் திரும்பக் கூடாது. வாசலத் தாண்டி வெளிய வர்ற வரைக்கும். என்ன?"

"சரி."

"லூப்பே."

குழந்தை சட்டென்று திரும்பியது. சேலா அதன் தொடையில் செல்லமாக ஒரு தட்டு தட்டினாள். மறுபடி கூப்பிட்டாள். ஐந்தாவது முறை லூப்பே ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி அசையாமல் இருந்தாள். "கெட்டிக்காரி" என்றாள் சேலா. கலோலைன் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். அந்த முகத்தில் சேலா அதுவரை பார்த்திராத ஒரு சிரிப்பு இருந்தது.

வாசலில் செம்பட்டை முடிக்காரப் பெண் ஒருத்தி பாஸைக் கருவியில் வைத்தாள். திரையில் இரட்டைச் சடையோடு ஒரு முகம் வந்து நின்றது. அந்தப் பெண் திரையைப் பார்த்தாள், குழந்தையைப் பார்த்தாள், பிறகு முகமெல்லாம் மலர்ந்தது.

"அட, இன்னைக்கி உனக்குப் பொறந்தநாளா. சொல்லவே இல்ல பாரு. எட்டு வயசு, என்ன?"

லூப்பே தாயைப் பார்க்கவில்லை. சொல்லிக்கொடுத்தபடி தலையாட்டினாள். அந்தப் பெண் ஒரு பெரிய நீல பேட்ஜை எடுத்து, அதில் அனசேனி என்று கொட்டை எழுத்தில் எழுதி, குழந்தையின் நெஞ்சில் குத்திவிட்டாள். இந்தச் செவ்வாய்க்கிழமை எதற்கு, மஞ்சள் கவுன் எதற்கு, இரட்டைச் சடை எதற்கு என்று அப்போதுதான் சேலாவுக்கு வரிசையாக விளங்கியது. நாத்தனாரின் பக்கம் திரும்பினாள். கலோலைன் பேட்ஜைக் கோணல் இல்லாமல் நேராக்கிக்கொண்டிருந்தாள்.

முதல் பெரிய ரயிலின் முன்னால் மரத்தில் செய்த கங்காரு ஒன்று கை நீட்டி நின்றது. அதன் கை உயரத்துக்கு வளர்ந்த பிள்ளைகள் மட்டுமே ஏறலாம். போன வருஷம் இதே நாளில் அனசேனி அந்தக் கைக்கு மூன்று விரற்கடை கீழே நின்றாள். குதிகாலைத் தூக்கிப் பார்த்தாள், கொண்டையைத் தூக்கிப் போட்டுப் பார்த்தாள், விடவில்லை. அடுத்த பிறந்தநாளுக்குள் வளர்ந்துவிடுவேன் என்று ஒரு மாதம் முழுக்கப் பால் பாலாகக் குடித்தாளாம். நாலு மாதத்துக்குள் காய்ச்சல் இதயத்தில் இறங்கி அவள் போய்விட்டாள். லூப்பே போய்க் கங்காருவின் கீழ் நின்றாள். தலை கையில் இடித்தது. கலோலைன் வாயைப் பொத்திக்கொண்டு அங்கேயே நின்றாள். சேலாவுக்கும் கண் கலங்கியது. அந்த நிமிஷத்தில் அவள் யார்மீதும் கோபப்படவில்லை.

ஆனால் ரயிலில் கூட ஏற ஒரு பெரியவர் வேண்டும். சேலாவுக்கு ஐந்து மாதம். கர்ப்பிணிகள் ஏறக் கூடாது என்று பலகையில் படமே போட்டிருந்தது. அக்கா இருக்கும் வரிசையில் மோசேசே நிற்க முடியாது. அப்புறம் மிச்சம் யார்? அந்த ரயிலில் மட்டுமல்ல, அன்றைக்கு எல்லாவற்றிலும் அதுதான் நடந்தது. கிறுகிறுவென்று சுற்றும் கிண்ணத்தில், ஊஞ்சலில், இருட்டுக் குகையில் எல்லாம் அத்தையும் மருமகளும் ஒரே கம்பியைப் பிடித்துக்கொண்டு போனார்கள். சேலா பைகளைக் காத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். போகிற வருகிற வேலைக்காரர்கள் எல்லாம் பேட்ஜைப் பார்த்து, "ஹேப்பி பர்த்டே அனசேனி" என்று தப்பும் தவறுமாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். ஒருத்தன் சும்மாவே ஐஸ்கிரீம் கொடுத்தான். மூன்றாவது ஆள் சொன்னபோது லூப்பே வாய்விட்டு, "தேங்க்யூ" என்றாள். பெயர் கொண்டுவரும் வரும்படி அவளுக்குப் பிடித்துப்போயிருந்தது.

மதியம் வெளியே வந்து, வேனின் பின்கதவைத் திறந்துவைத்துச் சாப்பிட்டார்கள். மறுபடி உள்ளே போக வேண்டும், அதனால் குழந்தை இன்னும் அனசேனிதான். தேங்காய்ப்பாலில் வெந்த இறைச்சிப் பொட்டலத்தைப் பிரித்து, நல்ல துண்டாகப் பார்த்து எடுத்து, கலோலைன் குழந்தைக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். அப்பன் தட்டிலிருந்து பிள்ளை சாப்பிடக் கூடாது. அத்தை கையால் சாப்பிடலாம், எவ்வளவு வேண்டுமானாலும். மோசேசே நாலு கார் தள்ளி, தடுப்புக்கல்லில் உட்கார்ந்து தனியாகத் தின்றான். சேலா தட்டோடு அவனிடம் போனாள்.

"ஏங்க, பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"உங்க அக்கா நம்ம புள்ளயக் கேக்கப் போறாங்க."

மோசேசே கிழங்கை மென்று முடித்தான். "இன்னும் கேக்கல இல்ல? கேக்காத வரைக்கும் ஒண்ணும் இல்ல."

"கேட்டா?"

"கேட்டா என்னன்னு உனக்குத் தெரியாதா?"

தெரியும். அனசேனி இறந்த சேதி வந்த அன்று, கடலுக்கு அந்தப் பக்கம், இங்கிருப்பவர் யார் கண்ணிலும் படாத ஊரில், சேலா இடுப்பு வரை இருந்த கூந்தலைக் கழுத்தோடு வெட்டிக்கொண்டாள். அக்கா வீட்டுச் சாவில் தம்பி வீட்டார்தான் தாழ்ந்து நிற்க வேண்டும். பாய் கேட்டால் பாய், பன்றி கேட்டால் பன்றி, பிள்ளை கேட்டால் பிள்ளை. மோசேசேயின் பெரியப்பா மகனையே அப்படித்தான் அவனுடைய அத்தை கேட்டு வாங்கி வளர்த்தாள், அதை யாரும் பெரிய விஷயமாகச் சொன்னதில்லை. அவனைப் பெற்றவளிடம் மட்டும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள் என்று இன்றைக்குத்தான் சேலாவுக்கு உறைத்தது.

"எங்க போயிடப் போறா? ஒரே வீட்லதான இருக்கப் போறோம்" என்றான் மோசேசே. பிறகு அவள் வயிற்றைப் பார்த்தான். "நமக்குத்தான் இன்னொண்ணு வருதே."

சேலா கையிலிருந்த தட்டை அவன் பக்கத்தில் வைத்துவிட்டுத் திரும்பி நடந்தாள். அவனோடு சண்டை போடக்கூட அவளுக்கு மனம் வரவில்லை.

சாயங்காலம் அவர்கள் ஏறிய படகு உச்சியிலிருந்து சறுக்கித் தண்ணீரில் விழுந்தது. அத்தையும் மருமகளும் தெப்பலாக நனைந்து, சிரித்துச் சிரித்து மூச்சு வாங்க வந்தார்கள். சேலா மாற்றுத்துணியை எடுப்பதற்குள் கலோலைன் தன் பையைத் திறந்துவிட்டாள். மடிப்புக் கலையாத ஊதா கவுன் ஒன்றும், பூ வைத்த சின்னச் செருப்பும் வந்தன. இந்த மூன்று மாதமாக அனசேனியின் அலமாரியைச் சேலா தூசி தட்டத்தான் தொட்டிருக்கிறாள். கவுன் லூப்பேக்குக் கொஞ்சம் குட்டைதான். நனைந்த உடுப்பையும் ஷூவையும் கலோலைன் சேலாவிடம் நீட்டினாள், சேலா வாங்கிக்கொண்டாள். பேட்ஜை எடுத்து மறக்காமல் ஊதா கவுனில் குத்திவிட்டாள் கலோலைன்.

பிறகு வாசலுக்குப் போகாமல் பக்கத்தில் இருந்த ஒரு கவுண்ட்டருக்குப் போனாள். பாஸ் இன்றோடு முடிகிறது. புதுப்பித்தால் புதுப் போட்டோ. சேலா ஓட்டமும் நடையுமாகப் போய்ச் சேர்வதற்குள் லூப்பேயை ஸ்டூலில் ஏற்றி உட்காரவைத்திருந்தார்கள்.

"அண்ணி, இது வேணாம்."

"எது வேணாம்?"

கலோலைன் சத்தமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாதவள் கேட்பதுபோல்தான் கேட்டாள். வாயைத் திறந்தால் கள்ள பாஸ் விஷயம் வரும். வாசலில் வைத்த பெயர் பொய் என்றாகும். பொய்யைச் சொல்லிக்கொடுத்தது யார் என்றாகும். இதையெல்லாம் விடு, செத்துப்போன பிள்ளையின் பிறந்தநாளில் அதைப் பெற்றவளிடம் எதைச் சொல்லி மறுப்பது? அவள் மோசேசேயைப் பார்த்தாள். அவன் எப்போதும்போல் பத்தடி தள்ளி நின்று, குப்பைத்தொட்டியில் எழுதியிருந்ததைக் கருத்தாகப் படித்துக்கொண்டிருந்தான்.

"இதுல அம்மா யாருங்க?" என்று கவுண்ட்டர்க்காரன் காகிதத்தை முன்னால் தள்ளினான். "ஒரு கையெழுத்து."

சேலாவின் இரண்டு கையிலும் ஈரத்துணி. கலோலைன் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டாள். லூப்பே கேமராவைப் பார்த்து, விழுந்த பல் தெரியச் சிரித்தாள். அது சேலாவின் அம்மாவுடைய சிரிப்பு. இனி ஒரு வருஷத்துக்கு அந்தப் பெயருக்கு மேலே இந்தச் சிரிப்பு இருக்கும்.

பார்க் மூடும் நேரம், வாசலில் கூட்டம் நெருக்கியது. ஊதா கவுன் அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் போனது. நடுவில் தள்ளுவண்டிகளும் பலூன்களும் புகுந்துகொண்டன. சேலா, "லூப்பே" என்று கூப்பிட்டாள். தன்னை அறியாமல்தான் கூப்பிட்டாள். சின்ன முதுகு ஒரு கணம் விறைத்தது. திரும்பவில்லை. இன்னும் பலமாகக் கூப்பிட்டாள். இப்போது குழந்தை ஓரக்கண்ணால் மட்டும் பார்த்து, உதட்டில் விரலை வைத்துக் காட்டியது. என்னம்மா, நீயே மறந்துட்டியா என்று அந்தக் கண் கேட்டது. கெட்டிக்காரிக்கு நாளெல்லாம் ஒருமுறைகூடத் தவறவில்லை.

சேலா கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள். வாசலைத் தாண்டிவிட்டால் போதும் என்று இருந்தது அவளுக்கு. தாண்டியதும் கூப்பிட வேண்டும், அவள் திரும்ப வேண்டும், அதற்குப் பிறகு நடப்பதைப் பார்த்துக்கொள்ளலாம். கார் நிறுத்துமிடத்தில் அவர்கள் இரண்டு பேரும் நாலைந்து அடி முன்னால் போய்க்கொண்டிருந்தார்கள். லூப்பே அத்தையின் கையை இழுத்து நிறுத்தினாள்.

"அத்த, இனிமே கூப்ட்டா திரும்பலாமா?"

கலோலைன் குனிந்து, அவிழ்ந்திருந்த ஒரு சடையை எடுத்து முன்னால் விட்டாள்.

"இன்னும் இல்லடா தங்கம்" என்றாள்.

லூப்பே சரி என்று தலையாட்டிவிட்டு நடந்தாள். பூ வைத்த செருப்பு அவளுக்குச் சிறிதாக இருந்தது. குதிகால் பின்னால் வெளியே நின்றது. சேலா திறந்த வாயோடு கார்களுக்கு நடுவில் நின்றாள். கையிலிருந்த குட்டி ஷூக்களிலிருந்து தண்ணீர் சொட்டி, அவள் வயிற்றை நனைத்துக்கொண்டிருந்தது.