பிளாஸ்டிக்கில் பொதிந்த போர்வை

மகள் அனுஷா இறந்த மூன்றாம் நாள், ஜெபசிங் அவளுடைய போர்வையைச் சுருட்டி, கட்டட வேலையிடத்திலிருந்து கொண்டுவந்த தடித்த பிளாஸ்டிக் தாளில் பொதிந்து, காற்றுப் புகாமல் டேப் ஒட்டினான். சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் அவர்கள் இருந்த வாடகை வீட்டில் மழை ஒழுகும். போர்வை நனைந்துவிடக் கூடாது என்பது மட்டும்தான் அவன் மனதில் இருந்தது. காய்ச்சலில் கிடந்த ஒன்பது நாளும் பிள்ளை அதைத்தான் போர்த்தியிருந்தாள். ஏழு வயது. அவளுடைய வேர்வையும் தைல மணமும் அதில் அப்படியே இருந்தன.

அதைத் தைத்தவள் அவன் மனைவி பிரேமா. தான் வேலை பார்க்கும் தையல்கடையில் மிஞ்சும் வெட்டுத்துணிகளை இரண்டு வருடம் சேர்த்துக் கையாலேயே தைத்தாள். பிள்ளை போன பிறகு அவள் போர்வையைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்காததை எடுத்துச் சொல்ல அவனுக்கும் பயம்.

ஐப்பசி மழை ஓய்ந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை கேட்டாள். “பிள்ளைக்க போர்வைய எங்க வச்சிருக்கீங்க?”

“பரண்ல இருக்கு. ஒரு சொட்டுத் தண்ணி பட்டிருக்காது.” சற்றுப் பெருமையாகவே இறக்கித் தந்தான்.

டேப்பை அறுத்ததும் புழுங்கல் நெடி அடித்தது. மடிப்பெல்லாம் பூசணம், கறுப்புப் புள்ளிகள். பிரேமாவின் விரல் பட்ட இடத்தில் மஞ்சள் துணித்துண்டொன்று கிழிந்து வந்தது.

பக்கத்து வீட்டு ரேஷ்மி சேச்சி எட்டிப் பார்த்தாள். “ஈரத்தோட பொதிஞ்சா பூப்பல் பிடிக்காதா ஜெபசிங்கே. அலசி, நல்லா காயவச்சு, பழைய காட்டன் துணியில சுத்தி வைக்கணும். அதுக்கும் காத்து வேணுமல்லோ.”

புதுக் கான்கிரீட்டில் ஈரம் போகாமலிருக்க மூடுகிற தாள் அது. இருபது வருடமாக அந்த வேலை செய்கிறவனுக்கு அன்று அது தோன்றவில்லை.

“என்னை ரெண்டு ஏசு ஏசிரு பிரேமா.”

“எதுக்கு? வேணும்னேயா செஞ்சீங்க?”

அவள் ஏசியிருந்தால் தேவலாம் போலிருந்தது.

வாளியில் சோப்புத் தண்ணீர் கலக்கி, முறுக்காமல் பிழியாமல் அவனே அலசினான். மாடியில் நிழலில் கயிற்றுக்கட்டிலில் விரித்து, இரண்டு நாள் வேலைக்குப் போகாமல் பக்கத்திலேயே இருந்து திருப்பித் திருப்பிப் போட்டான். பூசணம் போயிற்று. புள்ளிகள் போகவில்லை.

பிரேமா அதை வாங்கி முகத்தில் வைத்து வெகுநேரம் நின்றாள்.

“சோப்பு மணம்தான் இருக்கு” என்றாள்.

ஜெபசிங் அதைத் திரும்ப வாங்கி, அவளுடைய பழைய பருத்திச் சேலை ஒன்றில் சுற்றியபடி, “மாசம் ஒருக்கா பிரிச்சு, மடிப்ப மாத்திப் போடணுமாம். சேச்சி சொன்னாங்க” என்றான்.

“நீங்களே போடுங்க. எனக்கு இனி அதப் பாக்க வேண்டாம்.”

மாதத்தில் ஒரு நாள், அவள் கடைக்குப் போன பிறகு, ஜெபசிங் கதவைச் சாத்திவிட்டுத் தனியாக அதைப் பிரித்து மடிக்கிறான்.